கூண்டில் ஒரு இருவாச்சி

பம்பாயில் ஓர் அலுவலகம். செயலாளரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கூண்டு. அதற்குள் 26 வருஷம் வாழ்ந்தது ஒரு மலை இருவாச்சி. பெயர் வில்லியம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கதையில் இவன் வரும் இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் கோபமும்.

1894-ல் கார்வாரிலிருந்து குஞ்சாக வந்தவன். முப்பதடி தூரத்திலிருந்து வீசும் டென்னிஸ் பந்தை அலகால் பிடிப்பானாம். பழம், எலி, தேள் எல்லாம் உள்ளே போகும். எரிகிற சுருட்டை விழுங்கியும் ஒன்றும் ஆகவில்லை. 1920-ல் ஒரு கம்பித் துண்டு அவனை முடித்துவிட்டது. கழகத்தின் சின்னத்தில் இன்னும் இருக்கிறான்.

காட்டில் இருந்திருந்தால் அந்த 26 வருஷம் என்ன செய்திருப்பான்? பெட்டை மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். மாதக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். பெரும்பாலும் ஒரே குஞ்சுதான் தேறும். ஆணைச் சுட்டால் உள்ளே இருப்பவர்கள் கதியும் அதோகதி.

இதில் ஒரு சிக்கல். இருவாச்சிக்கு மரங்கொத்தி மாதிரி பொந்து குடையத் தெரியாது. கிளை முறிந்து, உளுத்து, தானாகப் பொந்து விழுந்த கிழட்டு மரம் வேண்டும். அதற்கு நூறு வருஷம்கூட ஆகலாம்.

கார்வாருக்குப் பின்னால் நிற்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான் தெற்கே ஆனைமலை. வில்லியம் பந்து பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே வால்பாறைப் பீடபூமியில் துரைமார்கள் காட்டை வெட்டி காபியும் தேயிலையும் நட்டுக்கொண்டிருந்தார்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர். நடுவில் துண்டு துண்டாய்ச் சோலை மிஞ்சியது. இருவாச்சி இன்றும் அந்தத் துண்டுகளுக்கு இடையே பறக்கிறது, ரயில் எஞ்சின் மாதிரி இறக்கைச் சத்தத்தோடு. காபித் தோட்ட நிழலில் அத்தி பழுத்தால் அங்கேயும் இறங்கும். தின்ற பழத்தின் கொட்டையை வேறெங்கோ போடும். கருங்குங்கிலியமும் காட்டு ஜாதிக்காயும் அப்படித்தான் இடம் மாறுகின்றன.

இருவாச்சி குறைந்ததற்கு வேட்டையாடிய பழங்குடிகளைக் கைகாட்டுவது சுலபம். வேட்டை நடந்தது உண்மை. ஆனால் மலையையே மொட்டையடித்தவர்களுக்கு வால்பாறையில் சிலை இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வாழச்சால் காட்டில், ஒரு காலத்தில் பொந்திலிருந்து குஞ்சை எடுத்த காடர்கள் இப்போது அதே பொந்துகளுக்குக் காவல். எந்த மரத்தில் இந்த வருஷம் வாசல் அடைபட்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.