பழுவூரும் மிஸஸ் பிரௌனும்

விஞ்ஞானக் கதையிலும் மாயக் கதையிலும் 'மனுஷர்கள் இருக்கிற' நாவல்களாக நாலைந்து சொல்லுங்கள், யந்திரங்களும் பறக்கும் நாகங்களும் அலுத்துவிட்டன என்று நண்பர் ஒருவர் கேட்டார். கீழப்பழுவூரில் வங்கிக் குமாஸ்தாவாக உட்கார்ந்திருப்பவனிடம் இதைக் கேட்டதில் ஒரு பொருத்தம் உண்டு. தமிழ் வாசகன் அதிகம் வாழ்ந்து பார்த்த கற்பனை உலகங்களில் ஒன்றுக்கு இந்த ஊர் பெயர் கொடுத்திருக்கிறது.

2022-இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த சமயம், வெளியூர்க்காரர் ஒருவர் கவுன்டரில் நின்று, "சதிகாரங்க ஊரு இதானே சார்?" என்று சிரித்தார். பின்னால் பாஸ்புக்கோடு நின்ற பெரியவர் சிரிக்கவில்லை. "ராசாவுக்காகச் சண்டை போட்டவங்க தம்பி. கோயில்லயே எழுதியிருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. இங்குள்ள ஆலந்துறையார் கோயிலில் முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் ஈழத்தரசனின் படையோடு வேளூரில் சோழனை எதிர்த்தபோது, பழுவேட்டரையன் கண்டன் அமுதன் சோழன் பக்கம் நின்று போரிட்டான். அந்த வெற்றிக்காக அவனுடைய வீரன் நக்கன் சாத்தன் கோயிலுக்குக் கொடை தந்தான். ஆதித்த கரிகாலன் கொலையைப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களின் பெயர்கள் வருகின்றன. பழுவேட்டரையர் பெயர் இல்லை. ராஜராஜன் காலத்திலும் இந்தக் குடும்பம் பழுவூரில் அதிகாரத்தோடு இருந்திருக்கிறது. சதி கல்கியின் சிருஷ்டி. நந்தினியும் அப்படியே.

அப்படியானால் கல்கி இந்த ஊருக்கு அநியாயம் செய்துவிட்டாரா? சரித்திரம் என்ற கணக்கில், ஆம். நம் வட்டத்தில் கல்கியை ஜனரஞ்சகம் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். இப்போது அந்தத் தீர்ப்பில் பாதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. 1950 முதல் 1954 வரை வாரம்தோறும் வந்த அந்தத் தொடரில் அருண்மொழி குறையில்லாதவன், ஆகவே உயிரில்லாதவன். பெரிய பழுவேட்டரையர் அப்படியல்ல. உடம்பில் 64 விழுப்புண்கள், முதுமையில் ஒரு கல்யாணம், அந்தப் பெண்ணின் முன் தன் கம்பீரம் செல்லாக்காசாவது தெரிந்தும் ஒப்புக்கொள்ள முடியாத அவஸ்தை. கல்வெட்டு தந்தது பெயரும் போரும். இந்த அவஸ்தையை அது தரவில்லை, தரவேண்டியதும் இல்லை. அது நாவலின் வேலை.

வர்ஜினியா வுல்ஃப் 1924-இல் ஒரு கட்டுரையில், ரயில் பெட்டியின் மூலையில் உட்கார்ந்திருக்கும் மிஸஸ் பிரௌன் என்ற கிழவியைக் காட்டினார். நாவலாசிரியர்கள் பெட்டியை வர்ணிக்கிறார்கள், கிழவியைப் பார்ப்பதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. 1970-களில் உர்ஸுலா லெக்வின் அந்தக் கிழவியை எடுத்துக்கொண்டு, இவளுக்கு விண்கலத்தில் இடம் உண்டா என்று கேட்டார். விஞ்ஞானக் கதைக்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது.

அரியலூர்ப் பக்கம் பல கோடி வருஷங்களுக்கு முன் கடலாக இருந்தது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் கல்லாகிப்போன கடல் ஜீவன்களை முதல் தடவை பார்த்தபோது வாயடைத்து நின்றேன். இரண்டாம் தடவை அவ்வளவு இல்லை. வெறும் ஆச்சரியத்தை நம்பி எழுதப்படும் நாவலுக்கும் இதே கதிதான்.

இனிப் பட்டியல். முதலாவது மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818). புதுமைப்பித்தன் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்ததும் இதைத்தான். சுவருக்கு இந்தப் பக்கம் ஒளிந்திருந்து ஒரு குடும்பத்தின் பேச்சைக் கேட்டுக் கேட்டே மொழி கற்கும் அந்த ஜந்து, சிருஷ்டித்தவனைவிட மனுஷத்தன்மை உள்ளது. இரண்டாவது ஸ்தானிஸ்லாவ் லெம்மின் 'ஸோலாரிஸ்' (1961). வேற்றுக் கிரகத்துக் கடல், தற்கொலை செய்துகொண்ட மனைவியைத் திரும்ப அனுப்புகிறது. தான் அவள் இல்லை என்று வந்தவளுக்கே மெல்லத் தெரியவருவதில் இருக்கிறது நாவல். மாயக் கதை வேண்டுமானால் லெக்வினின் எர்த்ஸீ வரிசையில் முதலாவது (1968). தன் அகந்தை அவிழ்த்துவிட்ட நிழலைத் தானே துரத்திப் போகும் ஒரு பையன்.

நம் மொழியில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடனில் 1980-களில் தொடராக வந்தது. வாரக் கடைசித் திருப்பங்களுக்காக எழுதிய அவசரம் பல இடங்களில் தெரிகிறது. சர்வாதிகாரி ஜீவா வெறும் அட்டை. ஆனால் புத்தகம் படிக்கும் யந்திர நாய் ஜீனோவுக்கு ஒரு மனம் உருவாகிவருவதைச் சுஜாதா வேடிக்கைக்கு நடுவே காட்டிவிடுகிறார். மிஸஸ் பிரௌன் அங்கே நாய் உருவத்தில் வருகிறாள்.

கடைசியாக வைத்திருப்பது லெக்வினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969). எஸ்ட்ராவன் என்ற மந்திரி தேசத் துரோகி என்று நாடு கடத்தப்படுகிறான். அவன் உதவியது வேற்றுலகத் தூதன் ஒருவனுக்கு. அந்தத் தூதனுக்கும் அவன்மேல் நம்பிக்கை இல்லை. இருவரும் பனிப்பாலைவனத்தைச் சேர்ந்து கடக்கும்போதுதான், துரோகி என்ற பட்டத்துக்குக் கீழே யார் இருந்தது என்று தூதனுக்கும் நமக்கும் புரிகிறது. இதை நான் இரண்டாம் முறை படித்தது கவுன்டரில் அந்தப் பெரியவர் பேசிய பிறகு. ஒரு பட்டத்தைக் கட்டிவிடுவது எவ்வளவு சுலபம், அதற்குக் கீழே இருக்கும் ஆளைப் பார்ப்பது எவ்வளவு தாமதம்! தாமதமானாலும் பார்க்கவைக்கிற நாவல், எந்தக் கிரகத்தில் நடந்தாலும் நமக்கு உரியது.

நண்பருக்கு இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்று சேர்த்தேன். 'பொன்னியின் செல்வ'னை மறுபடி படிப்பதானால், முடித்த கையோடு ஒரு தரம் கீழப்பழுவூர் வாருங்கள். ஆலந்துறையார் கோயில் கல்வெட்டையும் பார்த்துவிடலாம். கண்டன் அமுதனுக்கு நாம் அவ்வளவாவது பாக்கி.