மருத்துவம் நம் தெருவுக்கு வந்த வரலாறு

கல்வியும் உடல்நலமும் ஒரு சமுதாயத்தின் இரு கண்கள். கல்விக் கண்ணைத் திறக்கும் பணியில் நமது சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மற்றொரு கண்ணைப் பற்றியும் நாம் எண்ணிப் பார்த்தல் பொருத்தமாகும். ஒரு மருந்து கண்டுபிடிக்கப்படுவது ஒரு வரலாறு. அம்மருந்து ஏழையின் குடிசைக்குள் வந்து சேர்வது வேறொரு வரலாறு. இரண்டாவது வரலாறே நமது வரலாறு.

சேரிக்கு வெளியே நின்ற மருத்துவம்

மருத்துவம் நமக்கு அந்நியமான கலை அன்று. பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) சிறந்த சித்த மருத்துவராக விளங்கியவர். எனினும், புதிய மருத்துவம் வந்தபோது அது நம் மக்களின் தெருவுக்கு வெளியிலேயே நின்றது.

1929 டிசம்பர் 12 ஆம் நாள் வெளியான ‘யங் இந்தியா’ இதழில் கத்தியவாரைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு ஆசிரியர் ஒருவரின் கடிதம் இடம்பெற்றது. குழந்தை பெற்று இரண்டே நாளான அவர் மனைவி நோயுற்றார். மருத்துவரோ சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர் இரண்டு ரூபாய்க் கட்டணத்திற்குப் பிணை நின்ற பின்னரே வந்தார். நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவரச் செய்தார். வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுக்க, அவர் ஆசிரியரிடம் கொடுக்க, ஆசிரியர் மனைவிக்கு வைத்தார். அவ்வழியே அது திரும்பிச் சென்றது. நுரையீரல் அழற்சி என்று கூறிச் சென்ற மருத்துவர் மீண்டும் வர மறுத்துவிட்டார். அத்தாய் இறந்தார். இக்கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எடுத்துச் சேர்த்துள்ளார். அங்கே மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது, கட்டணமும் இருந்தது. இல்லாதது ஒன்றே: சேரிக்குள் வைக்கும் காலடி.

சென்னை தந்த சான்று

அக்காலடி என்ன செய்யும் என்பதைச் சென்னை நகரம் உலகிற்குக் காட்டிற்று. காசநோய்க்குத் தூய காற்றும், சத்துணவும், முழு ஓய்வும் தரும் சானடோரியமே தக்க இடம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நாட்கூலிக்கு உழைப்பவனுக்கு இவற்றுள் எது கிட்டும்? படுக்கைகளோ மிகச் சிலவே.

1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தை நிறுவின. ஏழை நோயாளிகள் 193 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மறு பிரிவினர் தத்தம் நெருக்கடியான வீடுகளில். இருவர்க்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்னும் ஒரே மருந்துகள் ஓராண்டு தரப்பட்டன. 1959 இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. உணவிலும் ஓய்விலும் வீட்டிலிருந்தோர் பின்தங்கியிருந்தும், முடிவில் பெரும் வேறுபாடு இல்லை. அவர்தம் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

இது எவ்வாறு இயன்றது? மருந்து இலவசமாகக் கிடைத்தது. பணியாளர்கள் வீடு தேடிச் சென்றனர். முன்னறிவிப்பின்றியும் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உண்ணப்பட்டதா என அறிந்தனர். வறுமை நோயை வளர்க்கலாம். ஆனால் வறியவனைக் குணப்படுத்த இயலாது என்பது பொய் என நிலைநாட்டப்பட்டது. 1962 இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டத்திற்கு இவ்வாய்வே அடித்தளமாயிற்று. அம்மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகத் திகழ்கிறது.

இன்னும் திறவாத கதவுகள்

எனினும் சேரியின் எல்லை முற்றும் அழிந்துவிடவில்லை. 2001–02 இல் பதினொரு மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை குறித்து நடைபெற்ற ஆய்வு 2006 இல் நூலாக வெளிவந்தது. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர் தலித் மக்களின் இல்லங்களுக்குச் செல்ல மறுத்தனர் என்று அது பதிவு செய்துள்ளது. 1929 இன் வெப்பமானியை நினைவூட்டும் செய்தி இது.

தடுப்பூசியின் கதையும் இதனோடு பிணைந்ததே. வீடுதோறும் சென்றமையால் பெரியம்மை ஒழிந்தது. 2014 இல் இந்தியா இளம்பிள்ளைவாதம் அற்ற நாடெனச் சான்று பெற்றது. ஆயினும் பெற்ற நன்மை தானே நிலைத்து நிற்பதில்லை. தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஓராண்டு நிறைந்து இரண்டாண்டு நிறையாத குழந்தைகளுள் எல்லாத் தடுப்பூசிகளும் பெற்றோர் 2005–06 இல் நூற்றுக்கு 80.9, 2015–16 இல் 69.7 ஆகக் குறைந்தனர். 2019–21 இல் 89.2 ஆக உயர்ந்தனர். எஞ்சியோர் எத்தெருவில் வாழ்கின்றனர் என்று கேட்பது நமது கடமை.

இளைஞர்களே! கற்றவர் செய்ய வேண்டுவது இதுவே. நம் தெருவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் படியுங்கள். தவறிய ஊசிக்கு நாள் குறித்து, தாயுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் இருமுபவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்தாதபடி காவல் இருங்கள். பணியாளர் நம் தெருவுக்கு வாராவிடில் எழுத்து மூலம் முறையிடுங்கள். மருத்துவம் நமக்கு எவரும் இடும் பிச்சை அன்று. அது நமது உரிமை. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறும் நாவன்மையைத் தருவதே கல்வியின் பயன்.