ஒரு முகம், நூறு தாள்

அரசாங்கத் தாள் எதை எடுத்தாலும் தலையில் ஒரு கோபுரம் நிற்கிறது. பட்டா, சாதிச் சான்றிதழ், கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ், எதுவானாலும் சரி. எங்கள் பக்கத்தில் அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்தான். "நம்ம கோபுரம்ப்பா" என்று பள்ளிக்கூடம் போகும் முன்னமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வரைந்தவர் மதுரைக்காரரான ஓவியர் ஆர். கிருஷ்ணராவ், 1949 வாக்கில். மதுரை மேலக்கோபுரத்தைப் பார்த்துத்தான் அவர் வரைந்தார் என்று இன்னொரு தரப்பு விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வருஷம் ஏப்ரலில் சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சராக வந்தவர் ராஜபாளையத்துக்காரர் பூ.ச. குமாரசாமி ராஜா. ஆகவே எங்கள் தரப்பு வாதத்துக்கு ஊரில் பலம் ஜாஸ்தி.

எந்தக் கோபுரம் என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. அந்த வழக்கு ஏன் தீராமல் கிடக்கிறது என்பதில்தான் அக்கறை. ஒரு கலைஞன் ஒரு தடவை வரைந்தான். பிறகு அது அச்சுக்குப் போனது, ரப்பர் ஸ்டாம்புக்குப் போனது. கோடி கோடியாகப் பெருகியது. பெருகப் பெருக அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலே அடையாளம் கண்டுகொள்கிறோம். அதிகாரத்தின் பிம்பம் வேலை செய்கிற முறையே இப்படித்தான்: கண்ணில் படவேண்டும், கண் அதில் நிற்கக்கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டர் போனால் சிவகாசி. 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகத்துக்குத் தீனி வேண்டும். அந்தத் தீனியின் பெரும்பகுதி கோவில்பட்டியிலிருந்து வந்தது. சென்னைக் கலைப்பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு வந்து, 1940களில் கோவில்பட்டியில் தங்கிப்போன கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் தென்னாட்டு வீடுகளின் பூஜையறைகளை நிரப்பினார்கள். இந்தக் காலண்டர் படங்களை மட்டமாகப் பேசுவது படித்தவர்களுக்கு ரொம்ப நாளாக ஒரு பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோயிலுக்குள் விடப்படாத சாதிகளின் சுவருக்குச் சாமி வந்தது காலண்டர் வழியாகத்தான். வால்ட்டர் பெஞ்சமின் 1930களின் நடுவில், எந்திர மறு உற்பத்தி மூலப்படைப்பின் ஒளிவட்டத்தைக் கலைத்துவிடும் என்று எழுதினார். சிவகாசியில் அது தலைகீழாக நடந்தது. மூலப்படம் அச்சகத்து மூலையில் தூசி படிந்து கிடந்தது. பிரதிக்குக் குங்குமம் வைத்தார்கள், சூடம் காட்டினார்கள். (தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளின் கை என்பதையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றை எழுதவேண்டும். அது தனிக் கட்டுரை.)

முத்திரையோ காலண்டரோ, இரண்டிலும் சூத்திரம் ஒன்றுதான். ஒரு தடவை வரை, லட்சம் தடவை அச்சடி. இந்தச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்ட ஒருவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கே.எம். ஆதிமூலம் எங்கள் வட்டாரத்துக்காரர் இல்லை. திருச்சிப் பக்கம் கீரம்பூர், 1938இல் பிறந்தவர். சிற்பி தனபாலின் கைதொட்டு வளர்ந்து, பணிக்கர் காலத்துச் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து 1966இல் வெளியே வந்தார். நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். 1969இல் காந்தி நூற்றாண்டு வந்தபோது அவர் கையில் எடுத்தது பேனாவும் கறுப்பு மையும். நூற்றாண்டுக்கு நூறு என்கிற கணக்கில், சுமார் நூறு காந்திகள். வெவ்வேறு வயதுப் புகைப்படங்களை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

1969 என்ன மாதிரியான வருஷம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காங்கிரஸ் தோற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சென்னை மாநிலம் ஜனவரியில் தமிழ்நாடு ஆனது, பிப்ரவரியில் அண்ணா போனார். வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தது 1968 டிசம்பர் 25. ஒன்பது மாதம் கழிந்து அக்டோபர் 2இல் தேசம் முழுக்க அகிம்சைக்கு விழா. அதே வருஷம் ரிசர்வ் வங்கி நூற்றாண்டு நோட்டுகளை அச்சடித்தது: பின்னால் சேவாகிராமம், முன்னால் உட்கார்ந்திருக்கும் காந்தி. அரசு ஒரு காந்தியைத் தேர்ந்தெடுத்து நோட்டில் போட்ட வருஷத்தில் ஒரு இளைஞன் நூறு காந்தியைப் போட்டுக்கொண்டிருந்தான். (1996இல் வந்த நோட்டு வரிசையில் சிரித்த முகம் ஒன்றே எல்லா மதிப்புக்கும் பொதுவாகிவிட்டது.)

நூறு என்பது சாதனைக் கணக்கு என்று நினைத்தால் இந்த வேலையின் சூட்சுமம் பிடிபடாது. காந்தி வரைவதற்கு ரொம்பச் சுலபமான ஆள். மொட்டைத்தலை, வட்டக் கண்ணாடி, மீசை, கைத்தடி. ஐந்தாம் வகுப்புப் பையன் நாலு கோட்டில் போட்டுவிடுவான். நந்தலால் போஸ் 1930இல் லினோவில் வெட்டிய தண்டி யாத்திரைக் காந்தி இந்தச் சுலபத்தின் உச்சம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சுலபம்தான் ஓவியனுக்குக் கண்ணி. முதல் பத்துப் படத்துக்கு ஞாபகம் போதும். இருபதைத் தாண்டும்போது கைக்குத் தெரிந்த காந்தி தீர்ந்துபோகிறார். அதற்குமேல் போகவேண்டும் என்றால் பார்த்தே தீரவேண்டும்: காது மடலை, கழுத்து நரம்பை, பல் போன வாயை, கண்ணாடிக்குப் பின்னால் அசதி தட்டிய கண்ணை. ஓவியன் தனக்குத்தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்வதன் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். எண் அவனைத் தெரிந்ததிலிருந்து துரத்துகிறது.

இப்படித் தங்களைத் துரத்திக்கொண்டவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. ஹொகுசாய் எழுபது வயது தாண்டி ஃபியூஜி மலைக்கு நூறு காட்சி போட்டார். மோனே 1892–94இல் ருவான் தேவாலயத்தின் ஒரே முகப்பை முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். எங்கள் கோபுரத்துக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. நந்தலாலே 1938 ஹரிபுரா காங்கிரசுக்குச் சீடர்களோடு சேர்ந்து ஏறக்குறைய 400 சுவரொட்டிகள் செய்தார். கொல்லன், தச்சன், மேளக்காரன், மாவரைக்கிறவள். காந்தி கேட்டுச் செய்த வேலை, அதில் காந்தி மையமில்லை.

ஆதிமூலத்தின் காந்திகளை நான் பார்த்தது அச்சில்தான். மை சில இடத்தில் கொத்தாக அடர்ந்து, சில இடத்தில் கோடு பாதியில் நின்று, வெறுந்தாளே நெற்றியாகிவிடுகிறது. தறியில் பாவு சிக்கினமாதிரி கோடுகள். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள், அந்தச் சல்லாத் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் இழையும் இடைவெளியுமாகத் தெரியும். நெசவாளர் மையத்தில் சம்பளம் வாங்கிய ஆள் என்று தெரிந்ததால் எனக்கு அப்படிப் படுகிறதோ என்னவோ.

நியாயமான ஒரு கேள்வி இங்கே எழும். பூனா ஒப்பந்தத்தை (1932) மறக்காதவர்களுக்கு, தனித்தொகுதியைப் பட்டினி கிடந்து பறித்தவராகக் காந்தியைத் தெரிந்தவர்களுக்கு, நூறு காந்தி எதற்கு? ஒன்றே அதிகம் இல்லையா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு ஆதிமூலத்தை ரசிக்க முடியாது. கோடுகளில் அம்பேத்கரின் விமர்சனம் இருக்கிறது என்றெல்லாம் நான் புருடா விடப்போவதில்லை, இல்லை. ஆனால் விமர்சிக்க எதிரில் ஒரு மனிதன் வேண்டும். நோட்டில் சிரிக்கிற முகத்தோடு யாரும் சண்டைபோட முடியாது. தெய்வமாக்குவதற்கும் தூக்கியெறிவதற்கும் அந்த ஒற்றை முகம் சௌகரியம், இரண்டு தரப்பும் அதையே பயன்படுத்துகிறது. நூறு தாளில் சிதறிக் கிடக்கிற கிழவரோடு வழக்காடலாம். இந்தத் தாளில் பிடிவாதக்காரர், அடுத்ததில் தளர்ந்தவர்.

எங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளலாம். 1927இல் கதர்ப் பயணமாகக் காந்தி ராஜபாளையம் வந்தார். குமாரசாமி ராஜா தன் வீட்டைப் பின்னால் காந்தி கலை மன்றத்துக்கே எழுதிக்கொடுத்தார். முதலமைச்சராக இருந்த ஒருவர் வீட்டைக் கலைக்குக் கொடுத்தது சின்ன விஷயமில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஊர் காந்தியை ஞாபகம் வைத்திருப்பது சிலையாக, மண்டபமாக, தெருப்பெயராக. அந்தக் கூட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஊருக்கு இருப்பது முத்திரைக் காந்தி.

ஆதிமூலம் காந்தியிலேயே உட்கார்ந்துவிடவில்லை. அதே கறுப்பு மையில் ராஜாக்களை வரைந்தார்: கிரீடம், மீசை, நகை எல்லாம் இருக்கும், ஆள் உள்ளுக்குள் இற்றுப்போயிருப்பான். மன்னர் மானியம் 1971இல்தான் ஒழிந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படங்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. 'நடை', 'கசடதபற' மாதிரிச் சிறுபத்திரிகைகளுக்கு அவர் கோடு கொடுத்தார். அவை எத்தனை பிரதி விற்றன என்று இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிறகு வண்ணத்துக்கு, அரூபத்துக்குப் போய், 2008 ஜனவரியில் இறந்துபோனார்.

நடுவில், 1980களில், ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தபோது படம் போட்டவர் அவர். கி.ரா.வின் இடைசெவல், கொண்டையராஜுவின் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். லட்சுமிக்கும் முருகனுக்கும் நிறம் கொடுத்த அந்த மண்ணின் சம்சாரிகள், முண்டாசும் முகச்சுருக்கமுமாக, கறுப்புக் கோட்டில் வாராவாரம் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது நம்ம பெரியப்பா சாடைல இருக்குல்ல" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும்.