ஆட்டம் அறியாத தலைவர்

1946 ஜூன் 6-ஆம் தேதி நியூயார்க்கின் கமோடோர் ஹோட்டலில் கூடியவர்களுள் பெரும்பாலோர், பனி ஹாக்கிக்கென்று கட்டிய பெரிய அரங்குகளின் சொந்தக்காரர்களாதலால், ஹாக்கி இல்லாத இரவுகளில் காலியாய்க் கிடந்த ஆசனங்களை நிரப்பும் உத்தேசத்தோடுதான் புதியதொரு கூடைப்பந்து லீகை ஸ்தாபித்தார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்த தலைவர் மாரிஸ் போடலாஃப்: ருஷ்ய சாம்ராஜ்யத்தில் 1890-இல் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, யேல் சர்வகலாசாலையில் சட்டம் பயின்று, நியூ ஹேவன் அரங்க நிர்வாகத்தின் வழியே அமெரிக்க ஹாக்கி லீகின் தலைவரானவர், உருவத்திலும் மிகக் குள்ளர். ஹாக்கிப் பதவியையும் விடாமல் இதையும் ஏற்றுக்கொண்டார்.

கூடைப்பந்து அறியாத இவருடைய வித்தை வக்கீலின் வித்தைதான். சிறந்த ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே இயங்கிவந்த போட்டி லீகில் இருந்தார்கள்; இவரிடமோ பெரு நகரங்களின் அரங்குகள் இருந்தன. 1948-இல் மின்னியாபொலிஸ், ராசெஸ்டர், ஃபோர்ட் வெய்ன், இண்டியானாபொலிஸ் ஆகிய நான்கு அணிகளை, அவற்றோடு ஜார்ஜ் மைகன் என்னும் நெட்டையரையும், நயமாய்ப் பேசித் தம் பக்கம் இழுத்துவிட்டார். அதன் பிறகு எதிர்த்தரப்பு வெகுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. 1949 ஆகஸ்டில் இரு லீகுகளும் இணைய, 17 அணிகளோடு என்.பி.ஏ. என்னும் ஒரே லீக் பிறந்தது.

சேர்த்ததைக் காப்பது சேர்ப்பதினும் கஷ்டமாயிற்று. நஷ்டம் தாங்காத சிற்றூர் அணிகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து, ஆறு ஆண்டுகளுக்குள் எட்டே மிஞ்சின. முன்னிலை பெற்ற அணி பந்தை எறியாமல் கைக்குள்ளேயே வைத்துப் பொழுது போக்கும் வழக்கமோ, 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் 19, மின்னியாபொலிஸ் 18 என்று ஓர் ஆட்டம் முடியும் அளவுக்கு ஜனங்களைச் சோதித்தது. 24 விநாடிக்குள் எறிந்தே தீரவேண்டும் என்னும் விதி 1954-இல் வந்து ஆட்டத்தை மீட்டது; அந்த யோசனை சிரக்யூஸ் அணியின் உடைமையாளர் டேனி பியாசோனுடையதென்பதால், அதன் பெருமையைத் தலைவர் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. அவர் கணக்கில் எழுதவேண்டியது வேறு: அதே ஆண்டு, தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டிய ஜாக் மொலினாஸ் என்னும் ஆட்டக்காரரைத் தயவு தாட்சணியமின்றி விலக்கினார், தொலைக்காட்சி ஒப்பந்தத்தையும் தேடிக் கொணர்ந்தார்.

1963-இல் ஓய்வு பெற்று, 1985-இல் நியூ ஹேவனில் காலமானார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய விருது நெடுங்காலம் அவர் பெயரையே தாங்கியிருந்தது. 2022 முதல் அந்தக் கோப்பைக்கு மைக்கேல் ஜோர்டன் பெயர்.