கண் மட்டும் பேசும் நோயாளிகள்

பக்கவாதத்தில் விழுந்தவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள், "நினைவே இல்ல, இன்னும் எத்தன நாளோ" என்று கட்டிலின் ஓரத்திலேயே நின்று பேசுவார்கள். படுத்திருப்பவருக்கு அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தால்...?

இதை மருத்துவர்களுக்கு முன்பே ஒரு நாவலாசிரியர் எழுதிவிட்டார். 1844 முதல் 1846 வரை தொடராக வந்த அலெக்சாந்தர் துமாவின் 'மான்டி கிறிஸ்டோ' கதையில், வாதத்தில் கிடக்கும் ஒரு முதியவர் கண்ணசைவாலேயே உயில் எழுத வைக்கிறார். மருத்துவத்தில் 'லாக்டு-இன்', அதாவது உள்ளே பூட்டப்பட்ட நிலை என்ற பெயரை பிளம், போஸ்னர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் வைத்தது 1966இல்தான். மூளைத்தண்டில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு கை, கால், நாக்கு எல்லாம் நின்றுவிடும். சிந்திக்கும் பெருமூளை நன்றாகவே இருக்கும். கண்ணை மேலும் கீழும் அசைக்கவும் இமைக்கவும் மட்டும் முடியும்.

1995 டிசம்பரில் ஜான் டொமினிக் போபி என்ற பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியருக்கு இது வந்தது. ஒருவர் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே வர, வேண்டிய எழுத்தில் இடது கண்ணைச் சிமிட்டி ஒரு புத்தகமே எழுதினார். 1997இல் அது வெளியான சில நாட்களில் இறந்தார்.

இதற்கு நேர்மாறான புதிர் ஒன்றை ஆராய்ந்தவர், ராயபுரம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்த வி.எஸ். ராமச்சந்திரன். ஸ்டான்லி என்றால் வடசென்னைக்காரர்களுக்கு 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'. 1782 பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்தின் பெயர் அது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து நோயாளிகள் இன்றும் அங்கேதான் போகிறார்கள். பின்னாளில் அமெரிக்கா சென்ற அவர் பார்த்தது, இடது கை செயலிழந்தும் "என் கை நல்லாத்தான் இருக்கு" என்று சாதிக்கும் பக்கவாத நோயாளிகளை. இத்தாலிய ஆய்வாளர்கள் கண்ட வழியில், இடது காதில் குளிர்ந்த நீர் விட்டார். அந்தக் கொஞ்ச நேரம் நோயாளி உண்மையை ஒப்புக்கொண்டார், பிறகு மறுபடியும் மறுத்தார்!

ஆக, வாய் பேசுவதால் எல்லாம் தெரிகிறது என்றும் சொல்ல முடியாது, பேசாததால் ஒன்றும் தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. கேட்கிற விதத்தில் கேட்டால்தான் தெரியும். 2002இல் வெளியான, 44 லாக்டு-இன் நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நினைவு இருப்பதை முதலில் கண்டுபிடித்தது மருத்துவர்கள் அல்ல, குடும்பத்தினர்!

தமிழில் 247 எழுத்தாயிற்றே, எப்படிச் சிமிட்டுவது என்று தோன்றலாம். முதலில் 18 மெய், பிறகு 12 உயிர் என்று சொல்லிக்கொண்டே போனால் அதிகபட்சம் 30 படிகளில் ஓர் உயிர்மெய் கிடைத்துவிடும்.

அதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கட்டிலருகே குனிந்து, "அப்பா, நான் பேசுறது கேட்டா மேல பாருங்க" என்று ஒரு முறை, பதில் வராவிட்டால் மறுநாளும் ஒரு முறை கேட்டுப் பார்ப்பது. கண் மேலே போனால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உள்ளே ஒருவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கலாம்.