சிஞ்சாத் தீவுகளின் எச்சம்

பெரு நாட்டின் பிஸ்கோ துறைமுகத்துக்கு எதிரே மூன்று பாறைத் தீவுகள். சிஞ்சா என்று பெயர். குடிக்கத் தண்ணீர் கிடையாது, புல்லும் முளைக்காது. 1864 ஏப்ரலில் ஸ்பெயினின் போர்க்கப்பல்கள் வந்து இவற்றைக் கைப்பற்றின. பெரு அரசின் கஜானா நிரம்பியதே அங்கே மலையாகக் குவிந்து கிடந்த பறவை எச்சத்தால்தான். கழுத்தைப் பிடிக்க அதைவிட வாகான இடம் எது?

குவானோ எனப்படும் இந்த எருவை இன்கா காலத்து உழவர்களே அறிந்திருந்தார்கள். 1804இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹம்போல்ட் ஐரோப்பாவுக்கு மாதிரி கொண்டுபோனார். 1840களில் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போகத் தொடங்கியது. அந்தப் பணத்தில் நஷ்டஈடு கொடுத்துத்தான் 1854இல் பெருவின் தலைவர் ரமோன் காஸ்தீயா அடிமை முறையை ஒழித்தார். வாங்கிக்கொண்டவர்கள் அடிமைகள் அல்ல, எஜமானர்கள். தீவுகளில் அம்மோனியா நெடிக்கும் தூளுக்கும் நடுவே எச்சத்தை வெட்டியவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள்.

பெரு விற்றது உண்மையில் கடலின் நைட்ரஜன். அந்தக் கரையில் வீசும் காற்று மேல்நீரை ஒதுக்கித் தள்ள, அடியிலிருந்து நைட்ரேட் நிறைந்த குளிர்ந்த நீர் ஏறிவருகிறது. வெளிச்சத்தில் காத்திருக்கும் டயாட்டம் என்ற நுண்பாசிகள் அதை வேகமாக உறிஞ்சி, மிச்சத்தைச் செல்லுக்குள்ளேயே சேமிக்கின்றன. ஆனால் நைட்ரேட்டை அப்படியே பயன்படுத்த முடியாது. நொதிகள் அதை முதலில் நைட்ரைட்டாக்கி, பிறகு அம்மோனியமாக்க வேண்டும். அதற்குச் சூரிய ஒளியில் சேர்த்த ஆற்றல் செலவாகும். அம்மோனியம்தான் அமினோ அமிலமாகிப் புரதத்தில் சேருகிறது. அந்தப் புரதம் நேரடியாகவும், பாசியைத் தின்னும் நுண்விலங்குகள் வழியாகவும் நெத்திலிக்குப் போகிறது. நெத்திலியைக் குவானாய் நீர்க்காகம் விழுங்குகிறது. மழையே பெய்யாத ஊராதலால் எச்சத்திலிருந்த நைட்ரஜன் கரைந்து போகவில்லை. எச்சக் குவியல் சில இடங்களில் முப்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்து நின்றது.

இந்தச் சங்கிலி அன்றைய வியாபாரிகளுக்குத் தெரியாது. கடலின் விளைச்சலை நைட்ரஜனோடு இணைத்து ஜெர்மனியின் கீல் நகரத்து விலங்கியலாளர் கார்ல் பிராண்ட் 1899இல் எழுதியபோது, சிஞ்சாவின் பழைய குவியல் தீர்ந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

1909இல் பெரு அரசு தனி நிறுவனம் அமைத்துப் பறவைகளுக்குக் காவல் போட்டது. முறைவைத்து எச்சம் எடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மீன்மாவு ஆலைகள் வந்தன. பறவை என்ற இடைத்தரகரை ஒதுக்கிவிட்டு, நெத்திலியை அரைத்து வெளிநாட்டுக் கோழிப் பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். 1970இல் ஒரு கோடியே இருபது லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்டது. 1972இல் எல் நினோ என்ற கடல் வெப்பமாற்றம் வெதுநீரைப் பரப்ப, மேலே வரும் நைட்ரேட் குறைந்தது. ஏற்கெனவே அளவுமீறிப் பிடிக்கப்பட்டிருந்த நெத்திலி சரிந்தது. ஆலைகளும் பறவைகளும் சேர்ந்தே பட்டினி கிடந்தன.