தோள்பட்டை வலி: உடற்பயிற்சி சிகிச்சையில் காணொலிகளின் பங்கு

ஹைதராபாத்: கையைத் தலைக்கு மேல் உயர்த்தி நெடுநேரம் பணிபுரிவோருக்குத் தோள்பட்டை வலி ஏற்படும் வாய்ப்பு அதிகம். தொழிற்பேட்டையும் இஎஸ்ஐ மருத்துவமனையும் அமைந்துள்ள ஹைதராபாத்தின் நாச்சாரம் போன்ற பகுதிகளில் இது வாழ்வாதாரம் சார்ந்த பிரச்னையாகும்.

'உறைந்த தோள்பட்டை' என்ற பெயரை 1934-ஆம் ஆண்டு அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் காட்மேன் சூட்டினார். 40 முதல் 60 வயதுக்கு உள்பட்டோரையும், நீரிழிவு நோயாளிகளையும் இப்பாதிப்பு அதிகம் தாக்குகிறது. குணமடைய ஓராண்டுக்கு மேலாகலாம் என்பதால், வீட்டில் அன்றாடம் செய்யும் பயிற்சியே சிகிச்சையின் அடிப்படை.

மருத்துவமனையில் ஒருமுறை கற்ற அசைவுகள் நாளடைவில் மறந்துபோகக்கூடும். கைப்பேசிக் காணொலிகளும் செயலிகளும் இக்குறையைப் போக்க உதவுகின்றன. உதாரணமாக, ஊசல் பயிற்சியில் நல்ல கையை மேஜையில் ஊன்றி, முன்புறம் குனிந்து, வலியுள்ள கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக அசைக்க வேண்டும். உடலை எவ்வளவு சாய்ப்பது, எத்தனை முறை செய்வது என்பதைக் காணொலி தெளிவாக உணர்த்தும்.

எனினும், கையை உயர்த்துவதற்குப் பதிலாகத் தோளைத் தூக்கும் தவறைப் பதிவு செய்யப்பட்ட காணொலியால் திருத்த இயலாது. எனவே, இயன்முறை மருத்துவரிடம் அவ்வப்போது பயிற்சியைச் செய்துகாட்டுவது அவசியம்.

தோள் வலியுடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழே விழுந்தபின் கையை உயர்த்த முடியாதவர்களும், காய்ச்சலுடன் மூட்டு வீக்கம் உள்ளவர்களும் மருத்துவப் பரிசோதனைக்கு முன் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.